ஆறு வார இணையப் படிப்பு: அந்த ஏரிக்காகவே சேரலாம்

சுற்றுச்சூழலின் தாங்கும் எல்லைகள் பற்றிய ஆறு வார இணையப் படிப்பு ஒன்றை முடித்தேன். நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 'இயற்கைக்கும் ஓர் அளவு உண்டு' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவது எனக்கே உறுத்தலாக இருந்தது.

இரண்டாம் வாரத்தில் ஓர் ஏரி விளையாட்டு வருகிறது. ஏரி தாங்குவது 1,000 டன் மீன், இருப்பது 500. அந்த அளவில்தான் பெருக்கம் உச்சம்: வருடத்துக்கு 100 டன். எவ்வளவு பிடிக்கலாம் என்பது நம் முடிவு. நான் 120 போட்டேன். முதல் வருடம் 480, அடுத்து 460, பிறகு 439. இருபது இருபதாகத்தானே குறைகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பன்னிரண்டாம் வருடம் 137. பதின்மூன்றில் 64. பதினான்கில் வலை ஏரியையே துடைத்துவிட்டது. மீன் குறையக் குறைய முட்டையிடுவதும் குறைகிறது, பிடிப்பது மட்டும் குறைவதில்லை. மறுபடி 90 டன் வைத்து ஆடினேன். இருப்பு ஏறி 650ஐத் தாண்டி நின்றது. வித்தியாசம் வெறும் 30 டன்! அடுத்த பாடமே 1992இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன்பிடிப்பை நிறுத்த வேண்டிவந்த கதை. அதைப் படிக்கையில் மனசு கனத்தது.

மூன்றாம் வாரத்தில் பொதுவளம், அதாவது பலர் சேர்ந்து பயன்படுத்தும் மேய்ச்சல் நிலம், நீர் போன்றவை. எலினார் ஆஸ்ட்ரம் (2009இல் பொருளாதார நோபல் பெற்றவர்) எடுத்துக்காட்டும் ஸ்விட்சர்லாந்தின் டோர்பெல் கிராமம் வருகிறது. குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனையைத்தான் ஒருவர் மலை மேய்ச்சலுக்கு அனுப்பலாம். 1517ஆம் ஆண்டு விதி இது. இதற்குப் பத்தே நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு வாரமே கொடுத்திருக்கலாம்.

உலக அளவுக்குப் போனதும் படிப்பு தளர்கிறது. பருவநிலை, நைட்ரஜன் என்று புவி எவ்வளவு தாங்கும் என விஞ்ஞானிகள் வகுத்த ஒன்பது எல்லைகளில் ஆறு மீறப்பட்டுவிட்டன என்கிறார்கள். அது 2023 கணக்கு. 2025 மதிப்பீட்டில் கடல் அமிலமாதலும் சேர்ந்து ஏழாகிவிட்டது. அதைவிடப் பெரிய குறை, ஏரியில் கற்றதை இங்கே கொண்டுவந்து கோக்கவில்லை. நைட்ரஜன் எல்லை என்பது ஏதோ வானத்தில் போட்ட கோடு அல்ல. பயிர் எடுத்தது போக மிஞ்சும் உரம் வாய்க்கால் வழியே ஆற்றுக்கும் கடலுக்கும் போய், பாசி மண்டி, நீரில் ஆக்ஸிஜன் இல்லாமல் போகிறதே, அந்த வயல்களின் மிச்சத்தையெல்லாம் சேர்த்துக் கூட்டி வகுத்த வரம்புதான் அது. ஒரே ஒரு வரைபடம் போதும் இதைச் சொல்ல.

ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் செய்துகொண்ட 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் பற்றிய பாடம் நன்று. நேரம் இல்லாதவர்கள் இரண்டாம், மூன்றாம் வாரங்களை மட்டுமாவது பாருங்கள். அடுத்த வாரம் என் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அதே ஏரியைப் போடப்போகிறேன், 120இல் தொடங்கி.