மனிதர் மரமாகிற நேரம்: ஓவிட்டின் கதைகளை மேடையேற்ற எது நல்ல வழி?

ஒரு பெண் மரமாகிறாள். ஒரு வேட்டைக்காரன் மானாகிறான். படிக்கும்போது இதில் சிரமம் ஒன்றுமில்லை, மனக்கண்ணில் தானாக நடந்துவிடும். மேடையில் அப்படி இல்லை. "மரமாகிவிட்டாள்" என்று சொன்ன பிறகும் நடிகை நம் முன்னால் பெண்ணாகவேதான் நின்றுகொண்டிருப்பார். ரோமானியக் கவிஞர் ஓவிட் கி.பி. 8-ஐ ஒட்டி எழுதி முடித்த 'உருமாற்றங்கள்' காவியத்தை நாடகமாக்க நினைக்கும் எந்தக் குழுவும் இந்த இடத்தில்தான் முதலில் திணறும். 15 பகுதிகள், கிட்டத்தட்ட 12,000 வரிகள், சுமார் 250 கதைகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் வேறொன்றாக மாறுகிறார்.

இதற்கு நாடகக்காரர்கள் பல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாற்றத்தை மேடை அமைப்பின் பொறுப்பில் விடுவது ஒன்று. கதைசொல்லியின் வாயில் விடுவது ஒன்று. முகமூடி, பொம்மை என்று கையில் ஒரு பொருளைக் கொடுப்பது இன்னொன்று. எதுவும் இல்லாமல் நடிகரின் உடம்பை மட்டும் நம்புவது கடைசி வழி. நான் கடைசி வழியின் பக்கம். ஆனால் எல்லாக் கதைகளுக்கும் அல்ல, அதனால்தான் இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒப்பிடுவதற்கு முன் எதை வைத்து அளப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பகுதியில் வரும் ஆக்டியோன் கதையை எடுத்துக்கொள்வோம். டயானா தேவி குளிப்பதை வேட்டைக்காரன் தற்செயலாகப் பார்த்துவிடுகிறான். அவள் அவன் முகத்தில் தண்ணீரை அள்ளி வீசுகிறாள். கொம்பு முளைக்கிறது, கழுத்து நீள்கிறது, காது கூராகிறது, கை முன்னங்காலாகிறது, உடம்பெங்கும் புள்ளித்தோல். கடைசியாக அச்சமும் வந்து சேர்கிறது. ஓடுகிறான், தன் வேகத்தைப் பார்த்துத் தானே ஆச்சரியப்படுகிறான். நீரில் தன் முகத்தைப் பார்த்துக் கத்த நினைக்கிறான், குரல் இல்லை. மனம் மட்டும் பழையபடியே இருந்தது என்கிறார் ஓவிட். இந்தக் காவியத்தின் கொடுமை முழுவதும் அந்த வரியில் இருக்கிறது. வெளியே மான், உள்ளே அதே ஆள். ஒரு தயாரிப்பு நல்லதா என்று கேட்டால், மான் எவ்வளவு தத்ரூபமாக இருந்தது என்று நான் பார்க்க மாட்டேன். உள்ளே இருக்கும் ஆள் கடைசிவரை தெரிந்தாரா என்றுதான் பார்ப்பேன்.

மேடை அமைப்பை நம்பிய வழிக்கு மேரி ஜிம்மர்மனின் தயாரிப்பை விடப் பெரிய உதாரணம் கிடையாது. 1998-ல் சிகாகோவின் லுக்கிங்கிளாஸ் குழு மேடையேற்றி, நியூயார்க்குக்குப் போய், 2002-ல் பிராட்வேயில் அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான டோனி விருதை வாங்கித் தந்த நாடகம் அது. மேடையின் நடுவில் 27 அடி அகலத்துக்கு ஒரு நீர்த்தொட்டி, சுற்றிலும் மரத்தளம், பின்னால் ஒரு பெரிய கதவு. அந்தத் தண்ணீரே கடல், அதுவே நீச்சல்குளம், அதுவே பாதாளம். பாலியல் ஆசையும் அதில்தான் நடக்கிறது, சாவும் அதில்தான். சூரியனின் தேரை ஓட்டிக் கெட்ட ஃபேட்டான் மஞ்சள் நிற மிதவையில் படுத்துக்கொண்டு ஒரு மனநல ஆலோசகரிடம் தன் அப்பாவைப் பற்றிப் புலம்புகிறான்.

தண்ணீர் செய்யும் பெரிய வேலை, நடிகரின் அசைவைத் தானே மாற்றிவிடுவது. நனைந்த துணி உடம்போடு ஒட்டுகிறது, கால் கனக்கிறது, எழுந்தால் நீர் சொட்டுகிறது. நடிக்காமலேயே ஒரு மாற்றம் நடந்துவிடும். கப்பலேறிப் போன கணவன் செயிக்ஸுக்காகக் கரையில் காத்திருக்கும் ஆல்சியோனின் கதைக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. இந்த நாடகம் நியூயார்க்கில் தொடங்கியது 2001 அக்டோபர் 9-ம் தேதி, இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். போனவர் திரும்பாத கதையைப் பார்த்துப் பார்வையாளர்கள் அரங்கிலேயே அழுதார்கள் என்பது நாடக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

ஆனால் கவனித்துப் பார்த்தால், இந்த நாடகத்திலேயே மிகக் கூர்மையான உருமாற்றங்கள் சில தண்ணீரைச் சாராதவை. தொட்டதெல்லாம் பொன்னாகும் மைடாஸின் மகள் ஓடிவந்து அப்பா மேல் தாவுகிறாள், தொட்ட கணமே உறைகிறாள். ஒரு குழந்தையின் பாய்ச்சல் அப்படியே நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். தங்கச் சாயமே தேவையில்லை. தேவதையின் மரத்தை வெட்டியதால் தீராப் பசிக்கு ஆளாகும் எரிசிக்தனின் கதையில் பசி என்பதே ஒரு நடிகர். அவர் எரிசிக்தனின் முதுகில் தாவி ஏறிப் பற்றிக்கொள்கிறார். பசியைச் சுமக்கிறான் என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது. இரண்டும் உடம்பின் வேலைகள். தொட்டியை எடுத்துவிட்டாலும் நிற்கும்.

அப்புறம் செலவு. 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம் என்று கணக்கு வைத்தாலே 12 கன மீட்டர் தண்ணீர், அதாவது 12 டன். எந்தப் பழைய அரங்கின் பலகைத்தளம் இதைத் தாங்கும்? தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்க வேண்டும், இல்லையென்றால் நடிகர்கள் நடுங்குவார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் மாற்று உடை, வழுக்காத தளம், மின்கம்பிகளுக்குத் தனிப் பாதுகாப்பு. கைப்பணம் போட்டு நாடகம் நடத்தும் குழுக்கள் பலகை மேடையில் நீலத்துணியை விரித்து இதே பாணியை முயன்றால் அலங்காரம் மட்டும் மிஞ்சும். துணிக்கு எடை கிடையாது, அது நடிகரை எதிர்க்காது.

சொல்லை நம்பிய வழி இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 1999-ல் ஸ்ட்ராட்ஃபோர்டின் ஸ்வான் அரங்கில் எடுத்தது. ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸ் ஓவிட்டின் 24 கதைகளைத் தன் ஆங்கிலத்தில் எழுதி 1997-ல் வெளியிட்டிருந்தார், அடுத்த ஆண்டே இறந்துபோனார். அந்தக் கவிதைகளைத்தான் டிம் சப்பிளும் சைமன் ரீடும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். நடிகர்களே கதையைச் சொல்லிக்கொண்டு, சொல்கிற ஆளாகவும் மாறுகிறார்கள். தன்னைப் பற்றியே 'அவன்' என்று பேசிவிட்டு அடுத்த நொடி அவனாகவே நடிப்பது நம் தெருக்கூத்துப் பார்வையாளருக்குப் புதிதல்ல. இதே சப்பிள்தான் 2006-ல் இந்திய, இலங்கை நடிகர்களைச் சேர்த்து ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் மேடையேற்றினார். அந்த நாடகத்துக்குள் தொழிலாளிகள் நடிக்கும் பிராமஸ்–திஸ்பி கதை ஓவிட்டின் நான்காம் பகுதியிலிருந்து வந்தது.

சொல்வழியில் ஒரு பெரிய வசதி, வேகம். "அவள் விரல் இலையானது" என்றால் ஆகிவிட்டது, பார்வையாளர் மீதியை வரைந்துகொள்வார். இடர் என்னவென்றால், சொல்லும் அசைவும் ஒரே வேலையைச் செய்ய ஆரம்பித்துவிடும். வாய் "கை கிளையானது" என்று சொல்லும், கையும் மேலே போகும். அந்த நிமிடமே பள்ளி ஆண்டு விழா வந்துவிடுகிறது. ஒன்று சொன்னால் மற்றது வேறொன்றைச் செய்ய வேண்டும். இதைக் கடைப்பிடிக்காத கதைசொல்லல் நாடகம் வானொலிக்குப் போயிருக்கலாம்.

முகமூடியையும் பொம்மையையும் சுருக்கமாகவே சொல்கிறேன். மான்தலையை மாட்டிக்கொண்டு வரும் நடிகர் ஒரு முடிவைக் காட்டுகிறார், மாறும் வழியைக் காட்டுவதில்லை. மாட்டும் முன் மனிதன், மாட்டிய பின் மான். நடுவில் ஒன்றுமில்லை, உள்ளே இருப்பவரின் கண்ணும் மறைந்துபோகிறது. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ் 2012-ல், இத்தாலிய ஓவியர் டிஷியன் இதே கதைகளைத் தீட்டிய ஓவியங்களை வைத்து மூன்று பாலேக்களைத் தந்தபோது, ஒன்றில் கான்ராட் ஷாகிராஸ் வடிவமைத்த தொழிற்சாலை ரோபோ டயானாவாக நின்றது. மனிதரிடமிருந்து விலகிய தெய்வத்துக்கு அது சரியான யோசனை. ஆக்டியோனுக்குச் சரிப்படாது.

இனி உடம்பு. இது புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஓவிட்டின் காலத்திலேயே ரோமில் பாண்டோமிமஸ் என்ற கலை கொடிகட்டிப் பறந்தது. தனி ஆள், வாய் மூடிய முகமூடி, பேச்சே கிடையாது. பாட்டு வேறு ஆட்கள். ஒரே நடனக்காரர் ஒரு கதையின் எல்லாப் பாத்திரமாகவும் மாறுவார். நாடுகடத்தப்பட்டுக் கருங்கடல் கரையில் இருந்தபோது எழுதிய கவிதையில் ஓவிட்டே சொல்கிறார், தன் கவிதைகள் மக்கள் முன் அடிக்கடி ஆடப்பட்டன என்று. அடுத்த நூற்றாண்டில் கிரேக்க மொழி எழுத்தாளர் லூசியன் இந்தக் கலை பற்றி எழுதியதில் ஒரு சம்பவம் வருகிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஐந்து முகமூடிகள் தயாராக இருப்பதைப் பார்த்து மற்ற நான்கு ஆட்கள் எங்கே என்று கேட்கிறார். எல்லாம் அந்த ஒருவரே என்று தெரிந்ததும், உங்களுக்கு உடம்பு ஒன்றுதான், உயிர்கள் பல என்று வியக்கிறார்.

நவீன காலத்தில் இந்தப் பள்ளியின் பெரிய ஆசான் ஜாக் லெகோக். 1956-ல் பாரிஸில் பள்ளி தொடங்கியவர், அதற்கு முன் உடற்பயிற்சி ஆசிரியர். அவரிடம் படிப்பவர்கள் எந்த உணர்ச்சியும் காட்டாத முகமூடியை அணிந்து நீராக, நெருப்பாக, மரமாக, பிறகு எண்ணெய், காகிதம் போன்ற பொருள்களாக, விலங்குகளாக அசைந்து பழகுவார்கள். பழகிய பிறகு அதை மனிதப் பாத்திரத்துக்குள் கொஞ்சமாகக் கலப்பார்கள். இங்கே கற்ற நடிகர் ஸ்டீவன் பெர்காஃப் 1969-ல், எழுத்தாளர் காஃப்காவின் கதையில் வரும் பூச்சி மனிதனை முதுகு ஓடும் இல்லை, உணர்கொம்பும் இல்லை என்று வெறும் உடம்பால் நடித்தார். அது புராணமில்லை என்றாலும் பாடம் இதற்கும் பொருந்தும்.

டாஃப்னியை இந்த முறையில் எப்படிச் செய்வது? அபோலோ தேவன் துரத்த, களைத்துப்போன அவள் தன் தந்தையான நதியிடம் வேண்டுகிறாள். ஓவிட் தரும் வரிசை: முதலில் உறுப்புகளில் ஒரு மரமரப்பு. அப்புறம் மார்பைச் சுற்றி மெல்லிய பட்டை, முடி இலை, கை கிளை. சற்றுமுன் ஓடிய கால் வேரில் சிக்குகிறது. கடைசியில் முகம். பெரும்பாலான நடிகைகள் கையைத்தான் முதலில் தூக்குவார்கள். கையைக் கட்டிப்போட்டுவிட்டு மூச்சிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். ஓடிவந்த மூச்சிரைப்பு மார்புக்கூட்டுக்குள் நெருக்கப்பட்டுச் சிறுத்துக்கொண்டே வரட்டும். பட்டை என்பது அதுதான். தோள் இறுகி, கழுத்துக்கு வந்து, கை எழுவது அதன் விளைவாக நடக்கட்டும். மரமான பிறகு அபோலோ அடிமரத்தில் கை வைக்கும்போது உள்ளே இதயம் துடிப்பதை உணர்கிறான், முத்தமிட்டால் மரம் விலகிச் சுருங்குகிறது. எனவே அசைவற்று நிற்பதோடு வேலை முடியவில்லை. அவன் கை நெருங்கும்போது ஒரு விலா எலும்பு அளவு பின்வாங்க வேண்டும், அது கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். இத்தாலியச் சிற்பி பெர்னினி 1622–25-ல் இதே காட்சியைப் பளிங்கில் செதுக்கியபோது பாதி மாறிய நிலையைத்தான் தேர்ந்தார், விரல் நுனியில் இலை, வாய் இன்னும் திறந்தபடி. மேடையும் அந்தப் பாதியில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

உடம்பு தோற்கும் இடமும் உண்டு, அதை மறைக்க நான் தயாராக இல்லை. ஆறாம் பகுதியில் டீரியஸ் தன் மனைவியின் தங்கை ஃபிலோமெலாவைக் கெடுத்து நாக்கை அறுக்கிறான். இந்தக் காவியத்தில் பெண்கள் மீதான வன்முறை திரும்பத் திரும்ப வருகிறது, டாஃப்னி ஓடுவதும் அதிலிருந்துதான். உடல்மொழி நாடகம் இதை அசைவில் காட்டப் போனால் அழகான அசைவாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது, நடிகைக்கும் அது ஒவ்வோர் இரவும் தண்டனை. இங்கே சொல்வழி ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. நடந்ததை ஒருவர் நின்று சொல்லட்டும், யாரும் யாரையும் தொட வேண்டாம். அதற்குப் பிறகு, பேச முடியாத ஃபிலோமெலா நடந்ததைத் துணியில் நெய்து அக்காவுக்கு அனுப்புகிறாளே, அந்த நெசவை உடம்புக்குக் கொடுக்கலாம்.

ஆகவே புதிதாக எடுக்க நினைக்கும் குழு ஆல்சியோனையும் ஃபேட்டானையும் பணமும் அரங்கும் இருப்பவர்களுக்கு விட்டுவிடலாம். டாஃப்னி, ஒரே நேரத்தில் சாக வேண்டும் என்று வரம் கேட்டு மரங்களான கிழத் தம்பதி பாசிஸ்–ஃபிலெமோன், ஆக்டியோன், இந்த மூன்றுக்கும் ஏழெட்டுப் பேரும் வெறும் தரையும் போதும். ஆக்டியோனுக்குக் கைகளைக் கொம்பாக்காதீர்கள், அவை முன்னங்காலாக வேண்டும். கொம்பைப் பின்னால் நிற்கும் இரண்டு பேர் தங்கள் கைகளால் தரட்டும். நண்பர்களாக வந்த அதே நடிகர்களே நாய்களாகட்டும். ஓவிட்டில் அவனுடைய வேட்டை நாய்களே அவனைக் குதறும்போது நண்பர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இந்த வேட்டையைப் பார்க்க ஆக்டியோன் இல்லையே என்று குறைப்படுகிறார்கள். பெயரைக் கேட்டு மான் தலையைத் திருப்புகிறது. "நான்தான் ஆக்டியோன், உங்கள் எஜமானைத் தெரியவில்லையா" என்று அவன் சொல்ல நினைக்கும் வரி காவியத்தில் இருக்கிறது, வாயிலிருந்து வருவதில்லை. அதைக் கதைசொல்லிக்குக் கொடுக்கலாமா என்று ஒத்திகையில் கேள்வி வரும். கொடுக்க வேண்டாம். தலை திரும்புவதிலேயே அது கேட்கவில்லை என்றால், கொம்பிலிருந்து திரும்ப ஆரம்பித்து ஒத்திகை பாருங்கள்.