ஊர் நிலமா, சொந்த நிலமா: சீனாவும் மெக்சிகோவும்

ஊருக்குப் பொதுவான விளைநிலத்தைத் தனியார் பெயருக்கு மாற்றலாமா என்று கேட்டால் சீனா 'கூடாது' என்கிறது. மெக்சிகோவோ 'ஊர் கூடி முடிவு செய்துகொள்ளட்டும்' என்று விட்டுவிட்டது.

1978-ல் சீனாவின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் கூட்டுப்பண்ணை நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்ள ரகசியமாகக் கைநாட்டு வைத்தார்கள். விளைச்சல் கூடியது, சில வருடங்களில் அரசே அந்த வழிக்கு வந்தது. ஆனால் நிலம் இன்றும் ஊர்க் கூட்டமைப்பின் சொத்துதான். குடும்பத்துக்குக் கிடைத்தது குத்தகை மாதிரி ஓர் உரிமை: முதலில் 15 வருடம், அப்புறம் 30. அது முடிந்தாலும் இன்னொரு 30 உண்டு என்று 2017-ல் அறிவித்தார்கள். உழும் உரிமையை அடுத்தவருக்கு விடலாம், நிலத்தை விற்க முடியாது. பட்டணத்தில் வேலை போனாலும் திரும்பி வர ஒரு துண்டு நிலம் இருக்கும். இது சின்ன விஷயமில்லை.

சரி, கூட்டமைப்பு என்றால் யார்? நடைமுறையில் பல இடங்களில் ஊர்த் தலைவர்கள்தான். கையகப்படுத்தும் நிலத்துக்கான இழப்பீட்டை ஆண்டு விளைச்சல் மதிப்பின் 30 மடங்குக்குள் பழைய சட்டம் அடக்கிவைத்தது. அதே நிலம் மனையானதும் உள்ளாட்சி அதைப் பல மடங்கு விலைக்கு விடும். நில விற்பனைத் தகராறில்தான் 2011-ல் குவாங்டாங் மாகாணத்தின் வுகான் கிராமம் கொதித்தெழுந்தது. அந்த 30 மடங்கு கணக்கை 2019-ல் சட்டம் திருத்திக் கைவிட்டார்கள்.

மெக்சிகோவில் ஊர் நிலத்துக்குப் பெயர் எஹிதோ. 1934-40-ல் அதிபர் கார்தெனாஸின் ஆட்சி மட்டும் சுமார் 1.8 கோடி ஹெக்டேர் பங்கிட்டது. விற்கவோ அடகு வைக்கவோ தடை. தரிசாகப் போட்டால் உரிமையே போகும். குத்தகைக்கும் தடைதான், ஆனால் அது திருட்டுத்தனமாக நடந்துகொண்டிருந்தது. 1992-ல் அதிபர் சலினாஸின் அரசு அரசியல் சாசனத்தின் 27-வது பிரிவைத் திருத்தி, எஹிதோ நிலம் தனிச் சொத்தாக மாறக் கதவைத் திறந்தது. புதிதாக நிலம் பங்கிடுவதையும் நிறுத்தியது. 1994 ஜனவரி 1 அன்று தெற்கு மாநிலமான சியாபாஸில் ஜபாட்டிஸ்டா என்ற பழங்குடிக் கிளர்ச்சிப் படையினர் ஆயுதம் எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாரும் விற்றுவிட்டு ஓடுவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. அப்படி ஆகவில்லை. முழுச் சொந்தமாக மாறியது பெரும்பாலும் நகர ஓரத்திலும் சுற்றுலாக் கடற்கரையிலும்தான். மற்ற ஊர்களில் அளந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு எஹிதோவாகவே தொடர்ந்தார்கள்.

எனக்கு மெக்சிகோ வழிதான் ஒரு படி மேல். தனியுரிமை தந்ததற்காக அல்ல, மாறுவதா வேண்டாமா என்பதை ஊர்ச் சபையின் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுக்கு விட்டதற்காக. ஆனால் அந்தச் சபையில் ஓட்டு, எஹிதோ உறுப்பினர் பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான். எஹிதோ உரிமை ஒரே ஒரு வாரிசுக்குப் போகும். மற்ற பிள்ளைகளுக்குச் சபையில் இடமில்லை. சீனாவில் வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் பலருக்குப் பிறந்த ஊரில் பங்கு போய்விடும், புகுந்த ஊரிலும் கிடைக்காது.