வெனிஸில் அபார்ட்மென்ட்டா, மெஸ்த்ரேயில் ஹோட்டலா?

வெனிஸ் போகத் திட்டம் போடுகிற எல்லாருக்கும் வருகிற குழப்பம்தான். தீவுக்குள்ளேயே ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுப்பதா, இல்லை பாலத்துக்கு இந்தப் பக்கம், நிலப்பரப்பில் இருக்கிற மெஸ்த்ரேயில் ஹோட்டல் போட்டுவிட்டு தினமும் ரயிலில் போய் வருவதா? அம்மாவும் குழந்தையும் கூட வந்ததால் நாங்கள் தீவுக்குள் கன்னரேஜோ பகுதியில் அபார்ட்மென்ட் எடுத்தோம். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது உங்களுக்கே தெரியும்.

மெஸ்த்ரேயின் லாபங்களை நீட்டி முழக்க வேண்டியதில்லை. வாடகை குறைவு, அறை பெரிது, பெரும்பாலும் லிஃப்ட் இருக்கும், கார் நிறுத்தலாம். தீவிலிருக்கிற சாந்தா லுச்சியா ஸ்டேஷனுக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். 2015-இலிருந்து, தீவின் ஓரத்தில் வண்டிகள் நின்றுவிடுகிற பியாஸாலே ரோமா வரை டிராமும் ஓடுகிறது. சில நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் வாங்குகிறார்களே நுழைவுக் கட்டணம், 2024-இல் 5 யூரோவில் ஆரம்பித்தது, அது மெஸ்த்ரேயில் தங்குகிறவர்களுக்கும் கிடையாது. அதுவும் வெனிஸ் நகராட்சிதானே. விலக்கை மட்டும் இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பக்கத்து ஊரான பதுவாவில் தங்கி வந்தால் இந்தச் சலுகை இல்லை.

ஆனால் என்னைக் கேட்டால், முடிவு செய்ய வேண்டியது வாடகையை வைத்து இல்லை, மத்தியானத்தை வைத்து. வெனிஸில் வண்டி என்பதே கிடையாது, காலையிலிருந்து நடைதான், நூறு அடிக்கு ஒரு பாலம், ஒவ்வொரு பாலத்துக்கும் படி. ஒரு மணிக்கெல்லாம் வெயிலும் கூட்டமும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும். எங்கேயாவது உட்காரலாம் என்றால் சான் மார்கோ சதுக்கத்தில் தரையிலோ படியிலோ உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம். அங்கேயுள்ள பழைய காபிக் கடைகளில் வாத்தியக்காரர்கள் வாசிக்கும்போது உட்கார்ந்தால் காபிக்கு மேல் இசைக்கும் தனியாகக் காசு. கழிப்பறைக்கும் காசு. மெஸ்த்ரே அறைக்குத் திரும்பலாமே என்றால், வாபொரேத்தோ என்கிற பொதுப் படகில் ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ரயில், அப்புறம் நடை. 75 நிமிடத்துக்குச் செல்லுபடியாகும் ஒரு படகு டிக்கெட் 9.50 யூரோ. இதற்காக யாரும் திரும்பிப் போவதில்லை. ராத்திரி வரை தெருவிலேயே கிடப்பார்கள்.

நாங்கள் மத்தியானமானால் வீட்டுக்கு வந்துவிடுவோம். குக்கர் இல்லை, ஆனால் பாஸ்தாவுக்கு என்று உயரமான பாத்திரமும் பெரிய வடிதட்டும் இருந்தன, சோறு வடிக்க அதைவிட வசதி வேறென்ன வேண்டும்! காய்கறிக்குப் பக்கத்திலேயே சான் லெயொனார்தோ தெருக்கடைகள். மற்ற சாமானுக்கு தியாத்ரோ இதாலியா, பழைய தியேட்டரை அப்படியே சூப்பர் மார்க்கெட் ஆக்கியிருக்கிறார்கள், சுவரோவியத்துக்குக் கீழே நின்று தயிர் வாங்கலாம். அம்மா ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பார், துணி மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கும். அஞ்சு மணிக்கு மேல் கிளம்பினால் பகல் கூட்டம் கலைந்துகொண்டிருக்கும், நமக்கோ காலையில் கிளம்பின மாதிரி தெம்பு.

தனியார் வீடு வாடகைக்கு எடுப்பதைவிட சர்வீஸ் அபார்ட்மென்ட் ஏன் என்றால், குப்பைக்காக. சிரிக்காதீர்கள். வெனிஸில் வீட்டுக் குப்பையை ராத்திரி வாசலில் வைத்துவிட்டுப் படுக்க முடியாது. காலையில் ஆள் வரும்போது கையில் கொடுக்க வேண்டும், இல்லை குப்பைப் படகுக்கு நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும். காகிதம் ஒரு நாள், கண்ணாடி ஒரு நாள். எங்கள் இடத்தில் பையை ரிசப்ஷனில் கொடுத்தால் போதும். தனி வீடு என்றால் விடுமுறையில் அது உங்கள் தலையில்.

சான் மார்கோ பக்கம் ஹோட்டல்? காலை உணவு உண்டு, அடுப்பு கிடையாது, அந்தக் காசுக்கு அறை சின்னது. குழந்தை இல்லாத தம்பதிக்குச் சரி.

நாங்கள் போனது கோடையில். குளிர்காலத்தில் கடல் ஏறி வருகிற நாட்களில் எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியவில்லை. 2020-இலிருந்து, கடல் உள்ளே வருகிற வாயில்களில் போட்டிருக்கிற மோசே தடுப்புகள் பெரிய ஏற்றங்களைத் தடுக்கின்றன, இருந்தாலும் தரைத்தள வீட்டை நான் எடுக்க மாட்டேன்.

ஒரே இரவு, விடிகாலை விமானம், இல்லை வெரோனா, பதுவா என்று சுற்றுகிற திட்டம் என்றால் யோசிக்காமல் மெஸ்த்ரே. தீவுக்குள் என்றால் பணம் கட்டுவதற்கு முன் லிஃப்ட் உண்டா, ஸ்டேஷனிலிருந்து வாசல் வரை எத்தனை பாலம் என்று எழுதிக் கேளுங்கள். ஸ்டேஷனிலிருந்து லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா தெரு வழியாக வந்தால் குல்யே பாலம் வரை ஒரு பாலம்கூடக் குறுக்கே வராது. அதைத் தாண்டினால் சான் லெயொனார்தோவும் கால்வாயைத் தூர்த்துப் போட்ட அகலமான தெருதான். பெட்டியை உருட்டிக்கொண்டே போகலாம்.