10⁹+7, 998244353, 2³¹−1: எதை எப்போது எடுப்பது?

கோடிங் போட்டிகளில் விடையை 10⁹+7-ஆல் வகுத்து மீதியைக் கேட்பார்கள். சில சமயம் அந்த இடத்தில் 998244353 வரும். ஹாஷ் (ஒரு சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, ஓர் எண்ணாகச் சுருக்குவது) எழுதுபவர்கள் 2³¹−1-ஐ, அதாவது 2147483647-ஐ எடுப்பதுண்டு. மூன்றும் பகா எண்கள்தான், அளவிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஒரு பகா எண்ணின் குணம் தெரிய வேண்டுமானால், அதைவிட ஒன்று குறைந்த எண்ணை உடைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

10⁹+6 = 2 × 500000003
998244352 = 2²³ × 7 × 17
2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331

முதல் வரியில் வரும் 500000003-உம் பகா எண். அதனால் 10⁹+7-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, 0, 1, −1 (அதாவது 10⁹+6) தவிர எந்த மீதியை அடுக்கிக்கொண்டே போனாலும், மறுபடி 1 வர 50 கோடிப் படிகளாவது ஆகும். 2-ஐ எடுத்தால், சரியாக 500000003-வது அடுக்கில்தான் 1 வருகிறது. 2³¹−1-இலோ 31-வது அடுக்கிலேயே வந்துவிடும்.

இது குறைபோலத் தெரியும். ஆனால் 2³¹−1-இன் வேகமே இதில்தான் இருக்கிறது. மீதி காண வகுக்கவே வேண்டாம்: பெருக்கி வந்த எண்ணின் கீழ் 31 பிட்டுகளையும் மேலே உள்ள பிட்டுகளையும் கூட்டி, அதிகமானால் ஒருமுறை கழித்தால் போதும். மீதிக் கணக்கில் வர்க்கமூலம் (எதை வர்க்கப்படுத்தினால் இந்த மீதி வரும் என்பது) காண்பது இன்னும் அழகு. 4-ஆல் வகுத்தால் 3 மீதி வரும் பகா எண்ணில், ஒன்றைக் கூட்டி நான்கால் வகுத்து வரும் அடுக்குக்கு உயர்த்தினாலே வர்க்கமூலம் (இருந்தால்) கிடைத்துவிடும். இங்கே அந்த அடுக்கு 2²⁹. அதாவது, 29 முறை வர்க்கப்படுத்தினால் வர்க்கமூலம் வந்து நிற்கிறது! 10⁹+7-இலும் இதே வழிதான், அடுக்கு மட்டும் 250000002. 998244353-க்கு இந்தக் குறுக்குவழி இல்லை, டோனெல்லி–ஷாங்க்ஸ் போன்ற பொது முறைக்குத்தான் போக வேண்டும்.

சரி, அப்புறம் ஏன் 998244353? அந்த 2²³-க்காகத்தான். பெரிய பல்லுறுப்புக்கோவைகளை என்.டி.டி. முறையில் (மீதிக் கணக்கில் செய்யும் ஃபூரியர் உருமாற்றம்) வேகமாகப் பெருக்க, 2-இன் அடுக்காக உள்ள படிகளில்தான் முதன்முறை 1 ஆகும் எண்கள், அதாவது 1-இன் மூலங்கள், வேண்டும். இங்கே 3-ஐ 119-வது அடுக்குக்கு உயர்த்தினால் அப்படி ஒரு மூலம் கையில். 83,88,608 நீளம்வரை தாங்கும். மற்ற இரண்டிலும் ஒரே ஒரு 2 தான் இருப்பதால் நேரடியாகச் செய்ய வழியில்லை. 10⁹+7-இல் விடை வேண்டுமென்றால் மூன்று வேறு பகா எண்களில் பெருக்கி, வரும் மீதிகளைச் சீன மீதித் தேற்றத்தால் (பல மீதிகளிலிருந்து மூல எண்ணை மீட்கும் வழி) ஒட்டுவது வழக்கம். பல்லுறுப்புக்கோவைப் பெருக்கல் கணக்கென்றால் யோசிக்காமல் 998244353-ஐ எடுங்கள். வெறும் எண்ணிக்கைக் கணக்குக்கு 10⁹+7 தாராளம்.

2³¹−1 பகா எண் என்று ஆய்லர் 1772-இல் காட்டினார். காரணி இருந்தால் அதை 248-ஆல் வகுக்க 1 அல்லது 63 தான் மீதி வரும் என்று வடிகட்டியதால் கையாலேயே சோதிக்க முடிந்தது. எனக்கு மிகப் பிடித்த எண் இதுதான். ஆனாலும் இன்றைய ஹாஷுக்கு இதைச் சொல்ல மாட்டேன். மதிப்புகள் சீராகச் சிதறினாலும், ஒரு லட்சம் சரங்களில் சராசரியாக இரண்டு ஜோடிக்கு மேல் மோதிவிடும், அதாவது ஒரே ஹாஷ் எண்ணைப் பெற்றுவிடும். அதே கூட்டல் வித்தை செல்லுபடியாகும் 2⁶¹−1-ஐ எடுத்தால், பெருக்கலுக்கு 128 பிட் இடம் தேவைப்படும், அதே ஒரு லட்சம் சரங்களில் ஏதேனும் ஒரு ஜோடி மோதும் வாய்ப்போ ஏறக்குறைய 46 கோடியில் ஒன்று.