ஃபாஸ்ட்ஏபிஐ: டெஃப்பா, ஏசிங்க் டெஃப்பா?

ஃபாஸ்ட்ஏபிஐ என்பது பைத்தானில் வெப் சர்வீஸ் எழுத உதவும் ஃபிரேம்வொர்க். அதில் ஒரு எண்ட்பாயின்ட்டை, அதாவது வரும் ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தரும் ஃபங்ஷனை, வெறும் டெஃப் என்றும் எழுதலாம், ஏசிங்க் டெஃப் என்றும் எழுதலாம். பலரும் வேகத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். பெரும்பாலும் டேட்டாபேஸ் வேலையே இருக்கும் எங்கள் சர்வீஸுக்கு நான் டெஃப்பைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் பராமரிப்பு.

ஏசிங்க் டெஃப் நேராக ஈவென்ட் லூப்பில், அதாவது வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் சுற்றில், ஓடும். லூப்புக்கு இருப்பது ஒரே த்ரெட். காத்திருக்கும் இடத்தைக் குறிக்கும் அவெயிட் வருகிற இடத்தில்தான் அடுத்த ரிக்வெஸ்ட்டைப் பார்க்க அதற்கு வழி கிடைக்கும். நடுவில், அவெயிட் இல்லாமல் எச்டிடிபி கால் செய்யும் ரிக்வெஸ்ட்ஸ் என்ற லைப்ரரியை வைத்து வெளி ஏபிஐ ஒன்றைக் கூப்பிட்டு, பதில் வர 2 விநாடி ஆனால், அதுவரை அந்த ப்ராசஸில் எதுவும் நகராது; சர்வீஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக்கூடப் பதில் சொல்லாது. டெஃப்பை ஃபிரேம்வொர்க்கே த்ரெட் பூலில், அதாவது தனியாக வைத்திருக்கும் த்ரெட்களில் ஒன்றில், ஓட்டிவிடும். அதே வரி அங்கே ஒரு த்ரெட்டை மட்டும்தான் பிடித்து வைக்கும்.

இது தெரிந்த விஷயம்தான். எண்ட்பாயின்ட்டுக்குள்ளேயே த்ரெட்டை நிறுத்தி வைக்கும் டைம்.ஸ்லீப் இருந்தால் ரிவ்யூவில் கண்ணில் பட்டுவிடும். பைத்தான் கோடைச் சரிபார்க்கும் ரஃப் என்ற கருவியில் இதற்கென்றே விதிகள் உண்டு. கஷ்டம் வருவது மாதங்கள் கழித்து. எண்ட்பாயின்ட் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும், அது வேறு ஃபைலில் உள்ள இன்னொன்றைக் கூப்பிடும். அந்தக் கடைசி ஃபங்ஷன் சாதாரண டெஃப். டீமுக்குப் புதிதாக வந்தவர் அதில் ஒரு எச்டிடிபி கால் சேர்க்கிறார். ரிவ்யூவுக்கு வரும் மாற்றத்தில் ஏசிங்க் என்ற சொல்லே இருக்காது. டெஸ்ட்டும் பாஸ் ஆகிவிடும். லோடு ஏறும்போதுதான் சம்பந்தமே இல்லாத எண்ட்பாயின்ட்டுகள் தாமதமாகும். எந்த வரியால் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஈவென்ட் லூப்பைத் தரும் பைத்தான் லைப்ரரியான ஏசிங்க்ஐஓவின் டீபக் மோடு 0.1 விநாடிக்கு மேல் லூப்பைப் பிடித்து வைப்பவற்றை லாகில் எழுதும், வெளியீட்டுக்கு முன் சோதிக்கும் ஸ்டேஜிங்கில் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். ஆனால் டெஃப்பில் தொடங்கியிருந்தால் இந்தத் தேடலே பெரும்பாலும் வராது.

டெஃப்புக்கும் எல்லை உண்டு. பூலில் இயல்பாக 40 த்ரெட்கள்தான். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் 2 விநாடி எடுத்தால், ஒரு ப்ராசஸ் விநாடிக்கு 20 ரிக்வெஸ்ட்டுக்கு மேல் தாங்காது. அதோடு, நாமாகக் கொடுக்காவிட்டால் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு டைம்அவுட் கிடையாது. எதிர்முனை தொங்கினால் 40 த்ரெட்டும் போய்விடும், அதனால் எந்த எச்டிடிபி காலையும் டைம்அவுட் இல்லாமல் விட்டுவைக்காதீர்கள். டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரியான எஸ்க்யூஎல்ஆல்கெமியின் இயல்பான பூலில் 5 கனெக்ஷன், நெருக்கடியில் இன்னும் 10. அப்போது 40 த்ரெட்கள் 15 கனெக்ஷனுக்குப் போட்டி போடும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தைச் சுருக்குவது போன்ற சிபியு வேலைக்கு இரண்டுமே சரிவராது. அதைத் தனி ப்ராசஸுக்கு அனுப்புங்கள்.

கனெக்ஷனை மூடாமல் இருபக்கமும் பேசிக்கொண்டிருக்கும் வெப்சாக்கெட்டுக்கு ஏசிங்க் டெஃப்தான். ஆயிரக்கணக்கான கனெக்ஷன்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்து நான் நடத்தியதில்லை, அந்த அளவில் என் கணக்கு மாறலாம். அங்கேயும் பழைய லைப்ரரி ஒன்றைக் கூப்பிட வேண்டி வந்தால், பைத்தான் 3.9-இல் வந்த ஏசிங்க்ஐஓ.டு_த்ரெட் வழியாகக் கூப்பிடுங்கள்.