வெர்மெட்டிட் நத்தையும் என் ரீஃப் டேங்க்கும்: எது பலித்தது, எது காசுக்குக் கேடு

உங்கள் ரீஃப் டேங்க்கில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், வெர்மெட்டிட் என்ற குழாய் கட்டும் நத்தை எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிய வேண்டுமா? அலை பம்பை நிறுத்துங்கள். பவளத்துக்குப் போடும் தூள் உணவில் ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் பாறை இடுக்குகளிலிருந்து சிலந்தி வலை மாதிரி மெல்லிய சளி நூல்கள் கிளம்பும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொரு நூலும் எந்தக் குழாயில் போய் முடிகிறது என்பது தெரியும். எண்ண ஆரம்பித்தவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள்.

நான் இருப்பது பினாங்கு, பாயான் லெப்பாஸ் பக்கம். அடுக்குமாடி வீடு, நான்கடித் தொட்டி, பெரும்பாலும் அக்ரோபோரா, மோண்டிபோரா என்ற கல் பவளங்கள், ஒரு மூலையில் பூப்போல விரியும் சோவா. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஓடாத நாளில் தண்ணீர் 30 டிகிரிக்குப் போய்விடும் ஊர் இது. எல்லாச் செலவையும் தாங்கிய பிறகு, ஒரு பவளத் துண்டின் அடிப்பீடத்தோடு வந்த குழாய் நத்தைதான் சில வருடங்களாக என்னை வேலை வாங்குகிறது. இந்தக் காலத்தில் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாய் ஒட்டியிருக்கும் சின்னச் சுருள்கள் ஸ்பைரோர்பிட் புழுக்கள். அவற்றால் கெடுதல் இல்லை. குழாய் வாயில் விசிறி விரிந்தால் அதுவும் புழுதான், விட்டுவிடுங்கள். விசிறி இல்லாமல், ஓரம் கூராக, விரலைக் கிழிக்கிற குழாய்தான் வெர்மெட்டிட். இரவில் கண்ணாடியில் ஊரும் உருண்டையான குட்டி நத்தைகளைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு. அவை பெரும்பாலும் கொலோனிஸ்டா, பாசி தின்னும் சாது. பயப்பட வேண்டியது நீளமாக, வெள்ளையாக, ஓரிரு மில்லிமீட்டர் அளவில், டிரைடாக்னா என்ற பெரிய சிப்பியின் ஓட்டு விளிம்பில் கூட்டமாக ஒட்டியிருக்கும் பிரமிடெல்லிட் நத்தைக்குத்தான். அது சிப்பியின் உடலைத் துளைத்து உறிஞ்சும். சோவா வளர்ப்பவர்கள் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சன்டயல் நத்தையைத் தேட வேண்டும். இவை இரண்டும் நடமாடுகிறவை, ராத்திரி டார்ச் அடித்துக் கையாலேயே பொறுக்கலாம். வெர்மெட்டிட் நகராது. அதுதான் தொல்லை.

குட்டியாக இருக்கும்போது அதுவும் மற்ற நத்தை மாதிரி சுருண்ட ஓட்டோடு ஊர்ந்து திரியும். ஓர் இடம் பிடித்துப்போனால் ஓட்டைப் பாறையில் ஒட்டிக்கொண்டு குழாயாக நீட்ட ஆரம்பிக்கும். அதன்பின் சாப்பாட்டுக்கு எங்கும் போவதில்லை. சளி நூலை வீசி, ஒட்டிய துகளோடு நூலையே உள்ளிழுத்துத் தின்னும். இனப்பெருக்கமும் அப்படியே. ஆண் விடும் விந்துப் பொதி நீரில் மிதந்து பெண்ணின் வலையில் சிக்கும், முட்டைகள் குழாய்க்குள்ளேயே பொரியும். நாம் பவளத்துக்காகக் கால்சியம் 420, காரத்தன்மை 8 என்று பார்த்துப் பார்த்து ஊற்றுவதில் அதுவும் பங்கு வாங்கிக் குழாய் கட்டிக்கொள்ளும்!

அழகுக்கேடு மட்டும்தானே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நான் விடமாட்டேன். பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. அங்கே பெரிய வகை வெர்மெட்டிட் இருந்த இடங்களில் பவள வளர்ச்சி 81 சதவீதம் வரை குறைந்திருந்தது. நம் தொட்டியில் வருவது சின்ன வகை, அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் நூல் உரசும் கிளையில் பாலிப் (பவளத்தின் குட்டி உயிர்) வெளியே வராமல் கிடப்பதை நானே பார்க்கிறேன். குழாயை அடைத்த பிறகு அதே கிளை மறுபடி விரிகிறது.

குறடால் நுனியை உடைப்பது வீண். நத்தை உள்ளே பின்வாங்கிவிடும், பிறகு புதுக் குழாய் கட்டும். அடியோடு நசுக்கினால்தான் பலன். பாறையை வெளியே எடுக்க முடிந்தால் பக்கெட்டில் வைத்துச் செய்யுங்கள். முட்டையும் கழிவும் தொட்டிக்குள் போகாது.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது சூப்பர் குளூ. பவளம் ஒட்ட வாங்கும் அதே ஜெல் வகை, விலை சில வெள்ளிதான் (ரிங்கிட்). விரல் நுனியில் ஒரு சொட்டு வைத்து (கையுறை அவசியம்), காற்றில் மேல்தோல் இறுகியதும் நீருக்குள் கொண்டுபோய்க் குழாய் வாயில் அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா வைத்துவிட்டு வந்தால் சளியோடு சேர்ந்து கழன்றுவிடும். சில கெட்டிக்கார நத்தைகள் பக்கவாட்டில் புது வாய் திறக்கும், மறுவாரம் பார்த்து அதையும் அடைக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டாம். உள்ளே அழுகுவதெல்லாம் அம்மோனியாவாக வெளியே வரும்.

மஞ்சள் கறுப்பு வரி போட்ட பம்பிள்பீ நத்தையைக் கடையில் தவுக்கே (முதலாளி) மும்முரமாகத் தள்ளிவிட்டார். அழகாகத்தான் இருக்கிறது. மணலுக்குள் இருந்த புழுக்களைத் தின்று கொழுத்தது, குழாய்ப் பக்கம் ஆர்வமே காட்டவில்லை. சிலருக்குப் பலித்ததாகச் சொல்கிறார்கள். என் தொட்டியில் காசுக்குக் கேடு. சிக்ஸ்லைன் மீன் பிரமிடெல்லிட்டைக் கொத்தும், இதைத் தொடாது. செம்பு கலந்த மருந்துப் பக்கம் போகவே போகாதீர்கள், நத்தையோடு பவளம், இறால் எல்லாம் சாகும்.

பசையை விடவும் பெரிய மாற்றம் தந்தது தீனிக் குறைப்பு. நீரில் மிதக்கும் நுண்துகள்தான் அதன் சாப்பாடு. பவளத் தூளையும் பாட்டில் பாசியையும் நிறுத்தினேன், ஃபில்டர் சாக்கை அடிக்கடி மாற்றினேன். மீனுக்கு மட்டும் மீன் முழுதாக விழுங்கும் உறைந்த மைசிஸ் என்ற குட்டி இறால் வகை. மீன் கழிவே பவளத்துக்குப் போதுமானதாக இருக்கிறது. அதற்காக நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்கிவிடாதீர்கள். டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளிப் பாசி) கிளம்பிவிட்டால் நத்தையே தேவலாம் என்றாகிவிடும். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். பழைய குழாய்கள் அப்படியே நிற்கும், புதிதாக முளைப்பதுதான் குறையும்.

என் மாமனார் ஒருநாள் தொட்டி முன் நின்று, "மாப்ளே, பத்து ஃபெரிங்கி கடற்கரையில அவ்வளவு கடல் தண்ணி சும்மா கெடக்குது, நீங்க உப்பு வாங்கிக் கரைக்கிறீங்களே" என்றார். அந்தக் கலங்கல் தண்ணீரை ஊற்றினால் நத்தைக்குத் தீபாவளிதான் என்றேன். அடுத்து, இதையும் சிப்புட் செடுட் (உறிஞ்சிச் சாப்பிடும் நத்தை) மாதிரி தேங்காய்ப்பாலில் சமைக்கலாமா என்று கேட்டார். என் மனைவி, "அப்பா, சும்மா இருங்கப்பா" என்று காபியைக் கொடுத்து உட்கார வைத்தாள்.

இப்போது நிலைமை: முழுதாக ஒழியவில்லை, ஒழியும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. முன்புறப் பாறைகள் சுத்தம். பின்னால் கை போகாத இடுக்கில் கொஞ்சம் இருக்கிறது, நூல் பவளத்தைத் தொடாத வரை அங்கேயே கிடக்கட்டும்.

புதுத் துண்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. துண்டை முக்கியெடுக்கும் டிப் மருந்தை நம்பாதீர்கள். தட்டைப்புழு சாகும், வெர்மெட்டிட் குழாய்க்குள் ஒளிந்து தப்பித்துவிடும். பீடத்திலிருந்து பவளத்தை வெட்டியெடுத்துப் புதுப் பீடத்தில் ஒட்டிவிட்டுப் பழையதைக் குப்பையில் போடுங்கள். நான் மற்றவர்களுக்கு விற்கும்போதும் இப்போதெல்லாம் புதுப் பீடத்தில்தான் தருகிறேன். ஊதாப் பாசி படிந்த பழைய பீடம்தான் பார்க்க நன்றாக இருக்கிறது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு விலையில் சில வெள்ளி குறைத்துக் கொடுக்கிறேன், பழைய பீடத்தை மட்டும் கொடுப்பதில்லை.