கார்ல்சனை விற்றது சரியா? 2018 கோடையில் ஒட்டாவா முன் இருந்த மூன்று வழிகள்

ஐஸ் ஹாக்கியில் ஒரு அணி தன்னுடைய நட்சத்திரத் தடுப்பாட்டக்காரரை வேறு அணிக்குக் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தாலே நான் 2018 ஒட்டாவாவில் போய் நிற்பேன். எரிக் கார்ல்சன் விஷயத்தில் அந்தக் கோடையில் அந்த ஊரின் என்.எச்.எல். அணியான செனட்டர்ஸ் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. எட்டு ஆண்டுக்குப் புது ஒப்பந்தம் போட்டுத் தக்கவைப்பது ஒன்று. ஒப்பந்தத்தில் மீதி இருந்த கடைசி ஆண்டை ஆடவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்வது இன்னொன்று. உடனே ட்ரேட் செய்வது, அதாவது வேறு அணிக்குக் கொடுத்து மாற்றாக ஆட்களை வாங்குவது, மூன்றாவது. மூன்றாவதைத்தான் செய்தார்கள், செப்டம்பர் 13 அன்று அவர் சான் ஹோசே ஷார்க்ஸுக்குப் போனார். விற்றது சரி, ஆனால் விற்ற நேரம் தப்பு என்பதுதான் என் கட்சி.

முதலில் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த வலி புரியாது. 2008 ட்ராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், 15-வது ஆளாக ஒட்டாவா எடுத்த ஸ்வீடன் பையன். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதை 2012, 2015 என்று இரண்டு முறை அங்கேயே வாங்கிவிட்டார். 2013-ல் எதிரணி ஆட்டக்காரரின் ஸ்கேட் பட்டுக் குதிகால் தசைநார் வெட்டுப்பட்ட பிறகும் திரும்பி வந்து, 2015-16-ல் கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 82 புள்ளிகள் எடுத்தார். 60 நிமிட ஆட்டத்தில் 26, 27 நிமிடம் அவர்தான் பனியில் இருப்பார். 2017 ப்ளேஆஃபில், அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் நாக்-அவுட் சுற்றுகளில், இடது குதிகாலில் இரண்டு மயிரிழை முறிவுகளை வைத்துக்கொண்டு 19 ஆட்டங்களில் 18 புள்ளிகள். அந்த ஓட்டம் பிட்ஸ்பர்க்குக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், இரண்டாவது ஓவர்டைமில், கிறிஸ் குனிட்ஸ் அடித்த கோலில் முடிந்தது. இன்னும் ஒரே ஒரு கோல் நம் பக்கம் விழுந்திருந்தால் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

அடுத்த வருடமே எல்லாம் சரிந்தது. 2017-18-ல் 31 அணிகளில் 30-வது இடம். ஊர் முழுக்க உரிமையாளர் யூஜின் மெல்னிக் வெளியேற வேண்டும் என்று விளம்பரப் பலகைகள். கார்ல்சனின் சம்பளம் ஆண்டுக்கு 65 லட்சம் டாலர், ஒப்பந்தம் 2019 கோடையில் முடிகிறது. இந்த நிலையில்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

தக்கவைப்பதை முதலில் பார்ப்போம், ரசிகர்கள் எல்லாரும் கேட்டது அதைத்தான். ஒட்டாவாவிடம் ஒரு சாதகம் இருந்தது: அன்றைய விதிப்படி சொந்த ஆட்டக்காரருக்கு எட்டு ஆண்டு தரலாம், வெளி அணி ஏழுக்கு மேல் தர முடியாது. விலையும் ஊருக்கே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அதே கோடையில் லாஸ் ஏஞ்சலிஸ் தன் தடுப்பாட்டக்காரர் ட்ரூ டவுட்டிக்கு எட்டு ஆண்டுக்கு 8.8 கோடி டாலர் கொடுத்தது. கார்ல்சன் அதற்குக் குறைய மாட்டார். கடைசியில் 2019 ஜூனில் சான் ஹோசே அவருக்குக் கொடுத்தது எட்டு ஆண்டுக்கு 9.2 கோடி, அதாவது ஆண்டுக்கு 1.15 கோடி. அந்த ஒப்பந்தம் தொடங்கிய பருவத்தில் ஒரு அணியின் மொத்தச் சம்பள வரம்பே 8.15 கோடிதான், ஆக ஏழில் ஒரு பங்கு ஒரே ஆளுக்கு. அது ஓடுவதும் அவருடைய 29 வயதிலிருந்து 37 வரை. குதிகாலும் கணுக்காலும் ஏற்கெனவே அடிபட்ட ஒருவருக்கு, அதுவும் ஸ்கேட்டிங்கே உயிராக இருக்கும் ஒருவருக்கு.

அப்படியே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு சான் ஹோசேவையே பார்க்கலாம். முதல் வருடம் 2019-ல் மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை போனார்கள், செயின்ட் லூயிஸிடம் தோற்றார்கள். அதற்குப் பிறகு அவர் அங்கே இருந்தவரை ஒரு முறை கூட ப்ளேஆஃப் இல்லை. காயம், காயம், காயம். 2022-23-ல் திடீரென்று 101 புள்ளிகள் எடுத்தார். 1991-92-ல் பிரையன் லீச் தொட்ட பிறகு எந்தத் தடுப்பாட்டக்காரரும் 100-ஐத் தொட்டதில்லை. மூன்றாவது நாரிஸும் வந்தது. ஆனால் அந்த வருடம் ஷார்க்ஸ் ஜெயித்தது 82-ல் 22 ஆட்டம். எனக்கு இந்த ஒரு எண் போதும். சுற்றிலும் ஆள் இல்லாத அணியில் 101 புள்ளி எடுக்கிற தடுப்பாட்டக்காரரால் கூட அணியைத் தூக்கி நிறுத்த முடியவில்லை, 2018 ஒட்டாவாவிலும் சுற்றி யாரும் இல்லை.

இரண்டாவது வழி, அதாவது ஒப்பந்தம் முடியும்வரை வைத்துப் பார்ப்பது, பேச்சுக்குக் கூட நல்ல வழி இல்லை. அதே 2018 ஜூலை 1 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸ் தன் கேப்டன் ஜான் டவாரஸை டொராண்டோவிடம் இழந்தது, கைக்கு ஒன்றும் வரவில்லை. அவர் முன்கள ஆட்டக்காரர், தடுப்பாட்டக்காரரே வேண்டும் என்றால் 2012-ல் நாஷ்வில் விட்ட ரயன் சூட்டர் இருக்கிறார், மினசோட்டாவில் 13 ஆண்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போனார், ஏழு ஆண்டு வரம்பு அப்போது வந்திருக்கவில்லை. 2020-ல் செயின்ட் லூயிஸ் விட்ட அலெக்ஸ் பியட்ராஞ்சலோவும் அப்படித்தான். செயின்ட் லூயிஸையாவது நான் மன்னிப்பேன், அவரைக் கேப்டனாக வைத்து 2019-ல் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். கோப்பைக்குப் போட்டி போடுகிற அணி அந்த ஆபத்தை எடுக்கலாம். 30-வது இடத்து அணி எடுத்தால் அது வெறும் தள்ளிப்போடுதல்.

இப்போது மூன்றாவது வழி. கார்ல்சனையும் ஃபிரான்சிஸ் பெரோன் என்ற இளைஞரையும் கொடுத்து ஒட்டாவா வாங்கியது: கிறிஸ் டியர்னி, டிலன் டிமெலோ, ஜாஷ் நாரிஸ், ருடால்ஃப்ஸ் பால்சர்ஸ், ட்ராஃப்டில் ஆள் எடுக்க ஒரு முதல் சுற்றுத் தேர்வு, ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு, நிபந்தனையோடு இன்னும் சில. அன்றைக்கு எல்லாரும் கொதித்தோம். பெரிய பெயர் ஒன்று கூட இல்லையே என்று. ஜாஷ் நாரிஸ் 2021-22-ல் 35 கோல் அடித்தார், பிறகு 2025 மார்ச்சில் அவரைக் கொடுத்து பஃபலோவிலிருந்து டிலன் கசன்ஸை வாங்கினார்கள். டியர்னியும் டிமெலோவும் அணியை நடத்த உதவினார்கள், அவ்வளவுதான். புதையல் இருந்தது முதல் சுற்றுத் தேர்வில். ஷார்க்ஸ் 2019-ல் ப்ளேஆஃபுக்குப் போனால் 2020-ம் ஆண்டுத் தேர்வு ஒட்டாவாவுக்கு என்று ஒப்பந்தம், அது எவ்வளவு மேலே விழுந்தாலும் தர வேண்டும். கீழே முடிக்கிற அணிக்குத்தான் ட்ராஃப்டில் முன்னால் எடுக்கும் வாய்ப்பு. 2019-20-ல் ஷார்க்ஸ் மேற்கில் கடைசி இடத்துக்கு விழ, அந்தத் தேர்வு மூன்றாவது இடத்துக்கு ஏறியது, ஒட்டாவா டிம் ஸ்டூட்ஸ்லேவை எடுத்தது. 2022-23-ல் அவர் 39 கோலோடு 90 புள்ளிகள் எடுத்தார்.

அப்படியென்றால் சரியான நேரத்தில்தானே விற்றார்கள் என்று கேட்பீர்கள். இங்கேதான் நான் மல்லுக்கு நிற்பேன். ஒரு முடிவை அது எடுத்த நாளில் தெரிந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும். 2018 செப்டம்பரில் ஷார்க்ஸில் பர்ன்ஸ், பவெல்ஸ்கி, கூச்சர், தார்ன்டன் என்று பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள், அந்த அணி இரண்டே வருடத்தில் கவிழும் என்று ஒட்டாவா கணக்குப் போட்டிருக்க முடியாது. பாதுகாப்பு நிபந்தனை இல்லாமல் தேர்வை வாங்கிய மேலாளர் பியர் டோரியனுக்கு அந்தப் பெருமை முழுசாக உண்டு, மீதி அதிர்ஷ்டம். ஆனால் 2018 பிப்ரவரியிலேயே, ட்ரேட் கெடு முடியும் முன் விற்றிருந்தால், வாங்குகிற அணிக்கு ஒரு ப்ளேஆஃபுக்குப் பதில் இரண்டு ப்ளேஆஃப் கிடைத்திருக்கும். அதற்கு விலையும் வேறு. அணி கீழே போய்விட்டது அப்போதே தெரியும். செப்டம்பரில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், ஒட்டாவா விற்றே ஆக வேண்டும் என்று எதிரே உட்கார்ந்தவருக்குத் தெரிந்திருந்தபோது பேரம் பேச என்ன இருக்கிறது?

நாலாவதாக ஒரு வழியையும் சிலர் சொல்வார்கள்: நட்சத்திரத்துக்கு நட்சத்திரம். 2016 ஜூன் 29-ல் மாண்ட்ரியல் 27 வயது பி.கே. சுப்பனைக் கொடுத்து நாஷ்விலிலிருந்து 30 வயது ஷியா வெபரை வாங்கியது, சுப்பனின் ஒப்பந்தத்தில் அவர் சம்மதம் இல்லாமல் ட்ரேட் செய்யக் கூடாது என்ற இடமாற்றத் தடை விதி அமலுக்கு வர இரண்டே நாள் இருந்தது. நாஷ்வில் அடுத்த வருடமே இறுதிச் சுற்றுக்குப் போனது, வெபர் தலைமையில் மாண்ட்ரியல் 2021-ல் போனது. இரண்டு பேரும் கோப்பை இல்லாமல் திரும்பினார்கள். அப்படிப்பட்ட மாற்று இரண்டு பக்கமும் உடனே ஜெயிக்க நினைக்கும்போது பொருந்தும். 30-வது இடத்தில் இருந்த ஒட்டாவா இன்னொரு விலையுயர்ந்த நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கும்?

ஒட்டாவா மறுபடி ப்ளேஆஃப் பார்க்க 2025 ஆனது. எட்டு வருடம். அதற்குள் அணியின் இன்னொரு நட்சத்திரமான மார்க் ஸ்டோனும் போனார், அரங்கத்தில் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பழகிப்போனோம். ஸ்டூட்ஸ்லேவை எடுத்த அதே ட்ராஃப்டில், தங்கள் சொந்த ஐந்தாவது தேர்வில், ஜேக் சாண்டர்சன் என்ற தடுப்பாட்டக்காரரையும் எடுத்திருந்தார்கள். இந்த முறை காத்திருக்கவில்லை. 2023 செப்டம்பரில், முதல் ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு பருவம் இருக்கும்போதே, ஆண்டுக்கு 80.5 லட்சத்துக்கு எட்டு ஆண்டு கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கார்ல்சனுக்குக் கேட்டதும் எட்டு ஆண்டுதான், ஆனால் இவருடைய எட்டு 22 வயதில் தொடங்குகிறது.